மூன்று பவுன் வரி

தென்னாப்பிரிக்காவின் கீழ்க் கரையில் இந்து மகா சமுத்திரத்தைப் பார்த்துக் கிடக்கும் நேட்டாலில், 1895-ம் வருஷம் நிறைவேறிய 17-வது சட்டமானது, ஐந்து வருஷ ஒப்பந்தத்தை முடித்தவர்களாய், மறு ஒப்பந்தம் எழுதிக்கொடாமலும் ஊருக்குக் கப்பலேறாமலும், அந்த மண்ணிலேயே சொந்தக் கைப்பாட்டில் ஜீவனம் செய்ய விரும்பிய இந்தியர் ஒவ்வொருவரும் வருஷந்தோறும் மூன்று பவுன் கட்ட வேண்டுமென்று விதித்தது. தோட்ட முதலாளிகளும் அவர்களுடைய பிரதிநிதிகளும் முதலில் கேட்ட தொகை 25 பவுன், அதற்கு இந்தியாவின் வைசிராயாக இருந்த எல்ஜின் பிரபு இணங்கவில்லை, மூன்றுக்கு இணங்கினார். நம்முடைய பள்ளிச் சரித்திரப் புத்தகங்களில் இந்த வரி காந்தியடிகளின் வாழ்க்கையில் ஓரிரு வாக்கியங்களாக வந்து மறைந்துவிடுகிறது. ஆனால், நிறத்தினாலும் பெண்ணாய்ப் பிறந்ததினாலும் கூலியாய்ப் போனதினாலும் மனிதருக்கு வரும் துன்பங்கள் தனித்தனியே வருவன அல்ல என்பதை அறிய விரும்புகிறவருக்கு, அந்தச் சட்டத்தைப் போல் விளக்கமான ஆதாரம் வேறொன்று கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம். வெள்ளையருக்கு அந்த வரி இல்லை. சொந்தச் செலவில் கப்பலேறி வந்து கடை வைத்த இந்திய வர்த்தகருக்கும் இல்லை. ஜூலு ஜனங்களுக்குக் குடிசை வரி என்று வேறொன்று முன்பே இருந்தது. மூன்று பவுன், கூலியாய் வந்த இந்தியருக்கு மாத்திரமே உரியது. அவர்களுக்குள்ளும் ஆண்களோடு நில்லாமல் பெண்கள் தலையிலும் விழுந்தது.

இந்த ஜனங்கள் அங்கே போன காரணம் கரும்பு. 1843-ல் பிரிட்டிஷார் நேட்டாலைத் தங்கள் ஆட்சியில் சேர்த்துக்கொண்ட சில வருஷங்களுக்குள்ளாகவே கரையோர நிலம் கரும்புக்கு ஏற்றது என்று தெரிந்துவிட்டது. நிலம் இருந்தது, முதல் இருந்தது, ஆள் இல்லை. அந்நாட்டுக் குடிகளான ஜூலு மக்களுக்குச் சொந்தமாக மாடும், சோளம் விளையும் மண்ணும் இருந்தபடியால், வெள்ளைக்காரன் தோட்டத்தில் வருஷம் முழுவதும் முதுகு வளைய அவர்கள் சம்மதிக்கவில்லை. அடிமை வியாபாரமோ சட்டப்படி ஒழிந்துபோயிருந்தது. மொரீஷியஸ் தீவு அடிமைகளுக்குப் பதிலாக இந்தியக் கூலிகளை வைத்துக் கரும்பு வளர்த்துச் செல்வம் சேர்த்ததைக் கண்ட நேட்டால் முதலாளிகள் தங்களுக்கும் அவ்வாறே அனுப்ப வேண்டுமென்று மன்றாடினார்கள். அதன்படி சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், 342 பேரோடு 1860-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல், இந்திய சர்க்கார் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திய 1911 வரையில், இடையே சில வருஷங்கள் தடைப்பட்டது போக, அந்தக் கரையில் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர் 1,52,000-க்கு மேற்பட்டோர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கருமே.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் சர்க்கார் ஒரு பதிவு வைத்தது. அந்தப் பதிவேடுகள் அழியாமல் இருக்கின்றன. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். வடஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், தஞ்சாவூர், திருச்சினாப்பள்ளி என்று நமக்கு நெருங்கிய ஜில்லாக்களின் பெயர்கள், குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுத்து உருமாறிக் கிடக்கின்றன. ஜாதிக் கட்டத்தில் பறையரும் இருக்கிறார், வன்னியரும் இருக்கிறார், வெள்ளாளரும் இருக்கிறார். ஊரில் ஒருவர் கிணற்றை ஒருவர் தொடக் கூடாது என்று வாழ்ந்தவர்களுக்குக் கப்பலில் ஒரே அடுப்புச் சோறு. இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை குத்து என்று அடையாளக் கட்டத்தில் எழுதப்பட்டதன் நோக்கம், தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடித்து வருவதற்கு உதவும் என்பதே. பெயருக்கு முந்தி நின்ற அந்த வரிசை எண்ணோ அவர்கள் சாகிற வரையில் கூடவே சென்றது. மணப் பதிவிலும் அதுதான், சிறைப் பதிவிலும் அதுதான், மரணப் பதிவிலும் அதுதான்.

ஒப்பந்தத்தின் கூலி, முதல் வருஷம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் வீதம் கூடி, ஐந்தாம் வருஷத்தில் பதினான்கு ஆகும். அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு முதலியவை படியாக அளக்கப்படும். இது ஆணுக்கு. பெண்ணுக்குக் கூலியும் பாதி, படியும் பாதி. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது அனுப்பப்பட வேண்டுமென்று இந்திய சர்க்கார் நிபந்தனை வைத்திருந்தபடியால் பெண்களை ஏற்றுக்கொண்டார்களே தவிர, தோட்டக்காரருக்கு அவர்கள் மீது பிரியம் இருந்ததில்லை. சுமக்கிற வயிறும் பால் குடிக்கிற குழந்தையும் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாகவே விழுந்தன. களை பறிப்பது, கரணை நடுவது, வெட்டிய கரும்பைக் கட்டித் தூக்குவது, பிற்காலத்தில் கியர்ஸ்னி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுவது ஆகிய வேலைகளில் பெண்ணின் கை ஆணின் கையைவிடப் பின்தங்கியதென்று எந்த முதலாளியும் சொன்னதாக நான் படித்ததில்லை. ஆயினும் கூலி பாதிதான். மகப்பேற்றுக்கென்று கூலியோடு கூடிய ஓய்வு அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

குடியிருப்பு, வரிசையாகக் கட்டிய கொட்டடிகள். தகரத்தாலோ மண்ணாலோ ஆன ஓர் அறையில், குடும்பஸ்தர்களையும் தனியாள்களையும் கலந்து அடைத்துவிடுவதுண்டு. நூற்றுக்கு நாற்பது என்று பெண்களைக் கொண்டுபோய் இறக்கி, அறைக்குத் தாழ்ப்பாளும் இல்லாத இடத்தில் குடியேற்றிவிட்டுப் பிறகு, 'கூலிப் பெண்களுக்கு ஒழுக்கம் இல்லை' என்று தோட்டத்து வெள்ளையரும் விசாரணைக் கமிஷன் கனவான்களும் எழுதிவைத்த வாசகங்களைப் படிக்கிறபோது மனம் கொதிக்கிறது. சர்தார் என்றழைக்கப்பட்ட மேஸ்திரி நம்மவனே. அவன் கையில் சவுக்கும் இருந்தது, யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்ற அதிகாரமும் இருந்தது. பெண்களுக்கு அவனால் நேர்ந்த துன்பம் வெள்ளை மேலாளனால் நேர்ந்ததைவிடக் குறைந்ததென்று சொல்லிவிட முடியாது. பிஜித் தீவில் இதே கரும்பு வேலையில் இதே துயரம் அனுபவித்த பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடினார். நேட்டாலின் கண்ணீர் அதற்கு முன்பே ஐம்பது வருஷமாய் வடிந்துகொண்டிருந்தது.

சீட்டில்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்டுவது குற்றம். வேலைக்கு வராதிருப்பதும் குற்றம். கூலிக்காரன் எஜமானோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்காகாது, நேரே ஜெயில். 1894-ல், முன்பல் இரண்டும் உடைந்து வாயில் ரத்தம் வழிய, பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, நேட்டாலில் வக்கீலாயிருந்த காந்தியடிகளின் அலுவலகத்துக்கு வந்தபோது, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரரைக் காணச் செல்லும் ஒப்பந்தக் கூலி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். தாம் காண வந்தவர் இந்தியரே ஆனாலும், கோட்டு அணிந்த வக்கீலுக்கு முன்னால் அதே வழக்கத்தைக் கைக்கொண்டார் பாலசுந்தரம். அடித்தவன் வெள்ளை எஜமான். அந்த எஜமானிடமிருந்து வேறொருவரிடம் ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுக்கத்தான் வக்கீலால் முடிந்ததேயன்றி, ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிக்க முடியவில்லை.

இந்தியருக்குள்ளேயே இருந்த ஏற்றத் தாழ்வையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். 1870-களிலிருந்து குஜராத்திலிருந்து வர்த்தகர்கள் சொந்தப் பணத்தில் நேட்டாலுக்கு வரத் தொடங்கினார்கள். கூலிகளோடு தங்களையும் சேர்த்து எண்ணிவிடக் கூடாதே என்ற கவலையில், அவர்களில் முஸ்லிம்கள் தங்களை அராபியர் என்று சொல்லிக்கொண்டதும் உண்டு. வெள்ளையருக்கோ அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. ரயிலில், நடைபாதையில், வோட்டுரிமையில் எல்லோரும் கூலிகளே. 1894 ஆகஸ்டில் தோன்றிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அந்த அவமானத்தை எதிர்த்து எழுந்த ஸ்தாபனம். அதன் சேவையை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அதில் அங்கத்தினராவதற்குக் குறைந்தபட்ச வருஷச் சந்தா மூன்று பவுன். அடுத்த வருஷம் சர்க்கார் கூலியாட்களிடம் கேட்கப்போகும் வரியும் அதே மூன்று பவுன் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வர்த்தகருக்கு எளிதாயிருந்த அந்தச் சந்தா, கரும்புத் தோட்டத்து ஆளுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. 1903-ல் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை இங்கிலீஷ், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் ஆகிய நான்கு பாஷைகளில் ஆரம்பமாகி, 1906-ல் தமிழையும் ஹிந்தியையும் நிறுத்திக்கொண்டது. அச்சுக் கோக்க ஆளில்லை என்பன போன்ற காரணங்கள் உண்மையாகவே இருந்தன. இருந்தாலும் நின்றுபோன இரண்டும் தோட்டத்து ஜனங்களின் பாஷைகளாக இருந்தன என்பதும் உண்மை.

இனி, அந்த மூன்று பவுனின் கணக்கைப் பார்ப்போம். அந்நாளில் ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். மூன்று பவுனுக்கு அறுபது. ஒப்பந்தக் கூலியையே அளவாகக் கொண்டால், முதல் வருஷத்து ஆண் ஆறு மாதம் பாடுபட்டால் அறுபது ஷில்லிங் சேரும். முதல் வருஷத்துப் பெண்ணுக்கு மாதக் கூலி ஐந்து ஷில்லிங். பன்னிரண்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் களை பறித்து, அந்தக் கூலியில் ஒரு காசும் செலவழிக்காமல் வைத்திருந்தால், அவளுக்குச் சேர்வது சரியாக மூன்று பவுன். கூலி அளக்கும்போது அவளை அரை ஆளாக எண்ணிய அதே நாடு, வரி தண்டும்போது முழு ஆளாக எண்ணியது. இதைப் போன்ற அநியாயக் கணக்கு உலகச் சரித்திரத்திலே வேறு இருக்குமோ என்னவோ, நான் கண்டதில்லை.

1903-ல் ஒரு புதுச் சட்டம் செய்து, ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளையும் வரிக்குள் இழுத்தார்கள். ஆண் பிள்ளைக்குப் பதினாறு வயதிலிருந்து வரி. பெண் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதிலிருந்தே வரி. புருஷன், மனைவி, வயது வந்த இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வருஷம் பன்னிரண்டு பவுன். இந்தத் தொகையைக் கட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போட்ட வரி அன்று இது. கட்ட முடியாமல் மறுபடியும் ஐந்து வருஷம் ஒப்பந்தம் எழுதிக்கொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போவார்கள் என்று எதிர்பார்த்துப் போட்ட வரி. மீன் பிடித்தும், காய்கறி பயிரிட்டுக் கூடையில் சுமந்து விற்றும், வெள்ளை வியாபாரிக்கும் தோட்டக்காரனுக்கும் போட்டியாகச் சுதந்திர இந்தியன் ஒருவன் அங்கே நிலைபெற்றுவிடக் கூடாது. ஆனால் அவனுடைய உழைப்பு மட்டும் ஓயாமல் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். வரி கட்டாதவர் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். புருஷனை இழந்தவளுக்கும், கைவிடப்பட்டவளுக்கும், வரி பாக்கிக்கு ஈடாக மறு ஒப்பந்தத்தைவிட வேறு புகல் எளிதில் கிடைக்கவில்லை. 1910-ல்தான், நியாயமான காரணம் இருந்தால் பெண்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்று மாஜிஸ்திரேட்டுகளுக்கு அதிகாரம் தரப்பட்டது. அளித்தே தீர வேண்டும் என்றில்லை, அளிக்கலாம் என்பதுதான்.

1912-ல் இந்தியத் தலைவர் கோகலே தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பிரயாணம் செய்து மந்திரிகளைக் கண்டு பேசினார். வரியை எடுத்துவிடுவதாக அவர்கள் வாக்களித்தார்கள் என்றே அவர் நம்பிக் கப்பலேறினார். வரி போகவில்லை. அடுத்த வருஷம் மார்ச் மாதத்தில் கேப் மாகாண உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு அளித்தார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவும் ஆன விவாகத்தைத் தவிர வேறெந்த விவாகமும் அந்நாட்டில் விவாகமாகாது என்பது அதன் சாரம். தாலி கட்டி, அக்கினி வலம் வந்து, பத்துப் பிள்ளை பெற்றவளும் அந்தத் தீர்ப்பின்படி மனைவியல்லள்; அவள் பிள்ளைகளுக்கு உரிமையில்லை. நிறத்தின் பேரால் வந்த சட்டங்கள் அதுவரையில் வீட்டு வாசலோடு நின்றன. இது வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காகக் காந்தியடிகள் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையோடு சம்பந்தப்பட்ட பெண்கள் பதினொரு பேர் அப்போது சட்டத்தை மீறிச் சிறை செல்ல முன்வந்தார்கள். அநேகமாக எல்லோரும் ஜோகன்னஸ்பர்க்கில் சிறு வியாபாரம் செய்து பிழைத்த தமிழ்க் குடும்பத்தினர். சத்தியாக்கிரகத் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடுவின் மனைவியும் அவர்களில் ஒருவர். சிலருக்குக் கையில் குழந்தை. இந்தியருக்குத் தடையாயிருந்த மாகாண எல்லையை அனுமதியின்றித் தாண்டியும் சர்க்கார் அவர்களைப் பிடிக்கவில்லை. ஆகவே, நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 1913 அக்டோபரில் அந்தப் பெண்கள் சுரங்கத்துக் கொட்டடிகளுக்குள் நடந்து, அங்கிருந்த இந்தியக் கூலிகளோடு தமிழில் பேசினார்கள். மூன்று பவுன் என்றால் என்ன என்பதை அந்த ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதை எதிர்த்து வேலையை நிறுத்தலாம் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மனுக்கள், தூதுகள், சீமைக்கு அனுப்பிய விண்ணப்பங்கள் ஆகியவை இருபது வருஷமாய்ச் சாதிக்காததைக் கையில் குழந்தையோடு வந்த பெண்கள் சில நாட்களில் ஆரம்பித்து வைத்தார்கள். சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அப்போதுதான் சர்க்கார் விழித்துக்கொண்டு அவர்களைக் கைது செய்து, மூன்று மாதம் கடுங்காவல் விதித்தது.

சுரங்கத்தாருடைய வீடு என்பது முதலாளியின் வீடு. முதலாளிகள் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியேறி நடந்தார்கள். நவம்பர் 6-ந் தேதி காலை அனுமதியின்றி எல்லை தாண்டிச் சிறை புகுவதற்காகச் சார்லஸ்டவுனிலிருந்து பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலை நோக்கிப் புறப்பட்டவர்கள் 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் என்று காந்தியடிகள் கணக்குக் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும் உணவு. இரண்டு தாய்மார் இந்தப் பிரயாணத்தில் கைக்குழந்தைகளை இழந்தார்கள். ஒரு குழந்தை குளிரில் போயிற்று. மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி நீரோடு போயிற்று. தாய்மார் நடையை நிறுத்தவில்லை. பால்பர் என்னுமிடத்தில் அனைவரையும் ரயிலேற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இத்தனை பேருக்கு ஜெயிலில் இடமேது? சுரங்கத்துக் கொட்டடிகளையே ஜெயிலின் கிளைகளாக அறிவித்து, சுரங்கத்து வெள்ளை மேஸ்திரிகளையே வார்டர்களாக நியமித்து, எந்த வேலையை விட்டு வந்தார்களோ அதே வேலையைத் தண்டனையாகச் செய்வித்தார்கள். முதலாளியும் சர்க்காரும் வேறு வேறு என்ற திரை அன்றோடு கிழிந்தது.

இதற்குள் வேலைநிறுத்தம் தெற்கே கரும்புத் தோட்டங்களுக்கும், ரயில்வே ஊழியரிடத்தும், டர்பன் நகரத்துத் தொழிலாளரிடத்தும் பரவிவிட்டது. தலைவர்கள் ஜெயிலில் இருந்த சமயம் அது. தோட்டத்து ஜனங்கள் யார் கட்டளைக்கும் காத்திராமல் தாங்களாகவே எழுந்தார்கள். கடற்கரைத் தோட்டங்களில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, பச்சையப்பன், செல்வன் முதலானோர் உயிரிழந்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பதினாறு வயது வள்ளியம்மை, டிசம்பரில் தாயோடு சிறை புகுந்து, மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்தாள். அவளுடைய குடும்பத்தின் ஊரான தில்லையாடியின் பெயராலேயே நம் நாட்டில் அவளை அறிகிறோம். அந்த ஊரை அவள் பார்த்ததே இல்லை.

1914-ம் வருஷத்து இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. இந்திய முறைப்படி மணந்த ஒரு மனைவியை மனைவியென்று ஒப்புக்கொண்டது. வோட்டுரிமை வரவில்லை, மாகாணம் விட்டு மாகாணம் போகும் உரிமை வரவில்லை, நிலம் வாங்கும் தடைகளும் நீங்கவில்லை. பெண்ணின் அரைக் கூலியைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை; அதைக் கேட்கவேண்டுமென்று இரு தரப்பிலும் எவருக்கும் தோன்றவுமில்லை. பெண்கள் தொடங்கி வைத்த போராட்டத்தின் முடிவில் பெண்களுக்கென்று தனியாகக் கிடைத்தது, மனைவி என்ற அந்தஸ்து ஒன்றே. அது சிறியதன்று, ஆனால் கரும்பு சுமந்த கைக்கு உரியது இன்னும் பாக்கியிருந்தது.

தவிர, அதே சட்டத்தில் வேறொரு பிரிவும் இருந்தது. குடியுரிமையைத் துறந்துவிடுகிற இந்தியருக்குச் சர்க்கார் செலவில் ஊருக்குக் கப்பல் வசதி செய்து தரலாம் என்பது அது. 1927-ல் ஏற்பட்ட கேப்டவுன் ஒப்பந்தத்தின்படி, அவ்வாறு போகிறவருக்கு ஆளுக்கு 20 பவுனும், குழந்தைக்கு 10 பவுனும் வெகுமதியாகக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். இருப்பதற்கு மூன்று பவுன் கேட்ட நாடு, போவதற்கு இருபது பவுன் கொடுக்க முன்வந்தது. வர்த்தகர்கள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு புறப்பட்டவர்கள் பழைய தோட்டத்து ஏழைகளே. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் நேட்டாலிலேயே பிறந்தவர்கள். ஊரில் நிலமில்லை, உறவினர் ஜாதியில் சேர்த்துக்கொள்ளவில்லை, கொண்டுவந்த பவுன் சில மாதங்களில் கரைந்தது. தென்னாப்பிரிக்க இந்தியத் தலைவரான பவானி தயாளும் பத்திரிகையாளரான பனார்ஸிதாஸ் சதுர்வேதியும் இவர்களுடைய நிலையை நேரில் விசாரித்து 1931-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மீண்டும் நேட்டாலுக்கே போய்விட வேண்டுமென்று ஏங்கியவர்கள் திரும்பி வந்தவர்களில் அநேகர். மூன்று வருஷத்துக்குள் திரும்பலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. ஆனால் வாங்கிய வெகுமதியையும் கப்பல் கட்டணத்தையும் முழுவதும் கட்டிவிட்டுத்தான் திரும்ப முடியும்.